ஜூன் 2, ஒரு தாலாட்டு

கோலாலம்பூரில் கே.எல். சென்ட்ரலில் எல்ஆர்டி ரயில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் மஸ்ஜித் ஜாமெக். இறங்கி டத்தாரான் மெர்டேக்கா திடலை ஒட்டி நடந்தால், வடக்கு ஓரத்தில் செயின்ட் மேரீஸ் பேராலயம். ஜூலை வந்தால் எங்கள் சொந்தக்காரர்கள் பலர் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்கு பஸ் பிடிப்பார்கள். எனக்கு ஜூன் 2. பாரிஸ் நோத்ர் தாம் பேராலயத்தில் 37 வருடம் ஆர்கன் வாசித்த லூயி வியர்ன் இறந்த நாள். பாரிஸ் போக எனக்கு வசதியில்லை. அதனால் நம் ஊரிலேயே குழாய் ஆர்கன் இருக்கிற இந்த செயின்ட் மேரீஸ் கோயிலுக்குப் போகிறேன். 1895இல் ஹென்றி வில்லிஸ் செய்த ஆர்கன் அது.

வியர்ன் கண்புரையோடு பிறந்தவர். சிறு வயதில் அறுவை சிகிச்சை செய்தும் பார்வை மங்கலாகத்தான் இருந்தது. பெரிய தாளில் தடித்த பென்சிலால் இசை எழுதினார். பிறகு அதுவும் முடியாமல் பிரெய்லுக்கு மாறினார். 1937 ஜூன் 2 அன்று அவருக்கு நோத்ர் தாமில் 1750ஆவது கச்சேரி. பிரெய்லில் கொடுத்த ஒரு மெட்டை விரலால் தடவிப் படித்து, அதை விரித்து வாசிக்கத் தயாரானவர் அப்படியே சரிந்துவிட்டார். காலால் அழுத்தி வாசிக்கும் பெடல் கட்டையில் அவர் கால் விழுந்து, ஒரே ஒரு கீழ்ச்சுரம் கோயில் முழுக்க ஒலித்தது. ஆர்கன் முன்னாலேயே உயிர் போக வேண்டும் என்று சொல்லிவந்தவர். கர்த்தர் அதைக் கேட்டார் என்றுதான் நான் நம்புகிறேன்.

இந்த வருடம் நான் போன நேரம் கோயிலில் கூட்டம் இல்லை. ஒரு சீனப் பெரியவர் ஆர்கனில் பயிற்சி செய்துகொண்டிருந்தார். ஓரமாக உட்கார்ந்து ஜெபித்துவிட்டு, அவர் நிறுத்தியதும் பக்கத்தில் போனேன். “அங்கிள், வியர்னுடைய தாலாட்டு வாசிப்பீர்களா?” அவர் ஒன்றும் கேட்காமல் பையைத் திறந்து தாளைத் தேடினார்.

வியர்ன் 1913இல் எழுதிய 24 சிறு துண்டுகளில் ஒன்று அது. பிரெஞ்சுத் தாய்மார் பாடும் பழைய தாலாட்டு வரிகளை வைத்து, மகள் கொலெத்துக்காக எழுதினார். அதே வருடம்தான் பத்து வயது மகன் ஆந்திரே காசநோயில் போனான். அடுத்த ஐந்து வருடத்துக்குள் இன்னொரு மகனும் வியர்னின் தம்பியும் யுத்தத்தில் போனார்கள். அத்தனைக்கும் நடுவில் இந்தத் தாலாட்டு.

இடது கையில் தொட்டில் ஆடத் தொடங்கியது. எந்தக் குழாய்கள் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஸ்டாப்புகளில் மெல்லியவை மட்டும்தான். மெட்டு மேலே வந்தபோது, நம் ஆராரோவைப் போலவே ஒவ்வொரு அடியும் கீழே இறங்கி வந்து மூச்சு விட்டது. ஷூவைக் கழற்றிவிட்டுச் சாக்ஸோடு பெடலைத் தேடிய பெரியவரின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசித்து முடித்ததும் அவர் தாளை என் பக்கம் திருப்பினார். இசைக் கோடுகள் இரண்டே வரிசை. மற்ற ஆர்கன் இசை போல பெடலுக்குத் தனி வரிசை கிடையாது. “ஆர்மோனியத்திலும் வாசிக்கலாம். பெடல் இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம், இல்லாவிட்டாலும் சரி. அப்படித்தான் எழுதியிருக்கிறார்” என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. தோட்டத்துக் கோயிலில் அப்பா வாசித்தது கால் மிதி ஆர்மோனியம். துருத்தித் துணி கிழிந்தால் அம்மாவின் பழைய கைலியை வெட்டி ஒட்டுவார். கடைசி வருடங்களில் அவருக்கும் பார்வை போய், ஞானப்பாட்டெல்லாம் மனப்பாடத்தில் வாசித்தார். நோத்ர் தாமின் ஆயிரக்கணக்கான குழாய்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர், அப்பாவிடம் இருந்த மாதிரி ஒரு பெட்டியையும் நினைத்து எழுதியிருக்கிறார்.

பெரியவரிடம் கேட்டு அந்தத் தாள்களை போனில் படம் எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்சில் எங்கள் சபையில், ஆராதனைக்கு ஆள் வருவதற்கு முன் கீபோர்டில் இடது கையை மட்டும் வாசித்துப் பார்த்தேன். பெஞ்ச் துடைத்துக்கொண்டிருந்த அக்கா, “என்ன தம்பி, யாரைத் தூங்க வைக்கிறீங்க?” என்றார்.