கனடா வண்டி

"அது கனடா வண்டி, தாத்தா வாங்கினது" என்றுதான் நண்பர் முதலில் சொன்னார். கூட வேலை பார்க்கிறவர். அவருடைய அப்பாவின் கோதுமைப் பண்ணை ஹார்ஷம் பக்கம், மெல்பர்னிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர். ஈஸ்டர் லீவில் குடும்பத்தோடு போயிருந்தோம். கொட்டகைக்குப் பின்னால் யூகலிப்டஸ் மரத்தடியில் பாதி புல்லுக்குள் புதைந்து கிடந்தது அந்தப் பழைய அறுவடை இயந்திரம். எஞ்சின் கிடையாது. குதிரைகள் இழுக்க, பெரிய இரும்புச் சக்கரம் உருண்டு, அந்தச் சுழற்சியே உள்ளே எல்லாவற்றையும் ஓட்டும்.

அம்பத்தூரில் பதினோரு வருஷம் டூல் ரூமில் இருந்தவன் நான். துருப்பிடித்த எழுத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஒயர் பிரஷ் கேட்டு வாங்கித் தேய்க்க ஆரம்பித்தேன். தகட்டில் 'மாஸி ஹாரிஸ்' தெரிந்தது. நண்பருக்கு ஒரே சந்தோஷம். மாஸி ஹாரிஸ் கனடாக் கம்பெனிதான். டேனியல் மாஸி 1847-இல் ஒன்டாரியோவில் தொடங்கிய பட்டறை, 1891-இல் ஹாரிஸ் கம்பெனியோடு சேர்ந்தது. சரி, விட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பெயருக்கு முன்னால் இன்னும் எழுத்து இருந்தது. தேய்த்தேன். 'ஹெச். வி. மெக்கே'. கீழே பொடியாக, 'சன்ஷைன், விக்டோரியா'.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் குடியிருப்பதே மெல்பர்னின் புறநகரான அந்தச் சன்ஷைனில்தான். என் பெண் ஊஞ்சல் ஆடும் பூங்காவுக்கு மெக்கே பெயர்.

சன்ஷைனில் அறுவடை இயந்திரம் செய்த மெக்கே கம்பெனியும் மாஸி ஹாரிஸின் ஆஸ்திரேலிய வியாபாரமும் ஒன்றானது 1930-இல். 1955-இல் மெக்கே தரப்பு மொத்தமாக விற்றுவிட்டது. ஆக, இரண்டு பெயரும் சேர்ந்த தகடு இருந்தால் அந்த 25 வருஷத்துக்குள் வந்த வண்டி. நண்பர் இதற்குள் கியர் உறையில் 1912 என்று ஓர் எண்ணைக் கண்டுபிடித்துவிட்டார். "1912 மாடல்!" என்றார். அது வருஷம் இல்லை, பேட்டர்ன் நம்பர் என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. எந்த வார்ப்பு எந்த மர அச்சிலிருந்து வந்தது என்று ஃபவுண்டரிக்காரன் தெரிந்துகொள்ளப் போடுவது. பழைய இயந்திரத்துக்கு வயசு பார்க்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

தகட்டில் ஊர் பெயர் இருந்தால் மட்டும் போதாது, அது ஆபீஸ் விலாசமாகவும் இருக்கலாம். அதனால் முன்பக்கம் குனிந்து பார்த்தேன். பழைய ஆஸ்திரேலிய வண்டிகளில் சீப்பு மாதிரி பற்கள் கதிரைப் பிடிக்க, சுழலும் தடிகள் அடித்து உதிர்க்கும். இதில் சீப்புக்குப் பின்னால் கத்தி இருந்தது, அதற்கும் பின்னால் திருகு உருளை. கதிரை நறுக்கி உள்ளே தள்ளும் அமைப்பு. ஹென்டி ஊரைச் சேர்ந்த ஹெட்லி டெய்லர் என்ற விவசாயி உருவாக்கியது. 1916-இல் மெக்கே அதன் உரிமையை வாங்கி, அவரையும் சன்ஷைனுக்கு வேலைக்கு அழைத்துக்கொண்டார். மழையில் சாய்ந்த பயிரையும் இது தூக்கி அறுத்துவிடும். தாளடி சாய்ந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதன் அருமை தெரியும். அப்படியானால் இது கனடாவிலிருந்து வந்திறங்கியது இல்லை. எங்கள் தெருவுக்குப் பின்னால் செய்தது.

மெக்கேயின் கதையே இப்படித்தான் குழப்பமானது. 1884-இல் டிரம்மார்ட்டின் ஊரில் அப்பாவின் பண்ணையில், பழைய இரும்பை வைத்து முதல் இயந்திரத்தைக் கட்டினார். வயது பத்தொன்பது தாண்டவில்லை. (அதே காலத்தில் ஜேம்ஸ் மாரோ என்பவரும் கட்டினார், யார் முந்தி என்று சண்டை உண்டு.) சொந்தத் தொழிற்சாலை கிடையாது, ஆரம்ப வண்டிகளை வேறு பட்டறைகளிடம் கொடுத்துத்தான் செய்து வாங்கினார். அப்புறம் பல்லாரட் ஊரில் தொழிற்சாலை. 1906 வாக்கில் பிரேபுரூக் ஜங்ஷனுக்கு இடம் மாறினார். மறுவருஷமே அந்த ஊருக்கு வண்டியின் பெயரான 'சன்ஷைன்' வந்து ஒட்டிக்கொண்டது. ஊர்ப் பெயரை இயந்திரத்துக்கு வைத்துப் பார்த்திருக்கிறேன், இது தலைகீழ். அதே 1907-இல்தான் நீதிபதி ஹிக்கின்ஸ் இந்தத் தொழிற்சாலை வழக்கில், சாதாரணக் கூலியாளுக்கு மனைவி மக்களோடு வாழ நாளுக்கு 7 ஷில்லிங்காவது வேண்டும் என்றார். தொழிற்சாலை போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது ஷாப்பிங் சென்டர். நாங்கள் சனிக்கிழமை காய்கறி வாங்குவது அங்கேதான்.

திரும்பி வந்ததும் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினேன். மாஸி ஹாரிஸ்தான் பின்னால் மாஸி ஃபெர்குசன் ஆனது; எங்கள் வீட்டுச் சிவப்பு டிராக்டரிலும் அந்தப் பெயர் உண்டு. அதை அவர் இன்றுவரை 'சீமை வண்டி' என்றுதான் சொல்வார்.

"அது சீமை வண்டி இல்லப்பா. டாஃபே கம்பெனி மெட்ராஸ்ல செம்பியத்துல செஞ்சது" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"சீமைன்னு சொல்லித்தான்டா உங்க தாத்தா கடன் வாங்கினாரு" என்றார்.