வாத்துக்குக் கேக்கலன்னா எனக்கும் கேக்காதா?

ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக் கார்டில், இருக்கிறது என்று சொல்லும் இரண்டாவது கோடு அன்றும் விழுந்தது, இளஞ்சிவப்பாக, அழுத்தமாக. “மாத்திரை போட்டும் கோடு போகலையே தம்பி” என்றார் அந்தத் தொண்டிக்காரர். அந்த மாத்திரையை, டெனோஃபோவிரை, நிறுத்திவிட்டுக் கீழாநெல்லியை அரைத்து மோரில் குடிக்கப் போவதாகச் சொன்னார்.

“வேண்டாம்ணே. இதே சாதி வைரஸ் வாத்து ஈரல்லயும் இருக்கு. அதுக்குக் கீழாநெல்லி கொடுத்துப் பாத்தாங்க, போகல.”

“வாத்துக்குக் கேக்கலன்னா எனக்கும் கேக்காதா?”

“நீங்க போடுற மாத்திரைக்கே வாத்துதாண்ணே வழி காட்டுச்சு” என்றேன். பொய்யில்லை. 1980-இல் பெக்கின் வாத்துகளில் கண்டுபிடித்த வைரஸ் அது. முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போகும். அப்படித் தொற்றிய குஞ்சு ஆயுளுக்கும் சுமக்கும். வளர்ந்தபின் தொற்றினால் வாத்து பெரும்பாலும் விரட்டிவிடும். நமக்கும் ஏறக்குறைய அப்படித்தான். 1982-இல் சம்மர்ஸ், மேசன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாத்து ஈரலை வைத்துத்தான், இந்த வைரஸ் ஆர்என்ஏவிலிருந்து டிஎன்ஏவைத் திருப்பி எழுதிப் பெருகுகிறது என்று காட்டினார்கள். டெனோஃபோவிர் மறிப்பது அந்த எழுத்தைத்தான். செல்லின் கருவுக்குள் வட்டமாகப் பதுங்கிய வைரஸ் டிஎன்ஏவின் மூலப்பிரதியை அது தொடுவதில்லை; கோடு போகாததற்கு அதுவே முக்கியக் காரணம்.

ஆனால் அவர் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. வாத்து வைரஸ் மனிதருக்குத் தொற்றாது. செல்லுக்குள் நுழையும் வாசலே வேறு. பெருகும் விதம் பொது என்பதால் மாத்திரை விஷயத்தில் வாத்தை நம்பலாம். ஒரு மூலிகை மனித உடம்பில் என்ன செய்யும் என்பதற்கும் அதே வாத்து போதுமா?

போதாது என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. 1988-இல் லான்செட்டில் வந்த ஆய்வில், 30 நாள் கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்த ஆன்டிஜென், அதாவது கார்டில் கோடு விழவைக்கும் வைரஸ் புரதம், மறைந்தது. வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும். பிறகு வேறு இடங்களில் செய்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று தோன்றியது. மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வைரஸ் மறுபடி பெருகி ஈரலையே சாய்த்துவிடலாம். அந்தப் பயம் எனக்கு நிஜம்.

“சரி தம்பி, ரெண்டையும் சாப்பிடுறேன்” என்று எழுந்தார். டாக்டரிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னேன், மாத்திரை நிற்காதே என்ற நிம்மதியோடு. நிம்மதிக்காக ஒருவருக்குத் தெரியவேண்டியதை மறைக்கலாமா என்ற கேள்வி அப்புறம்தான் வந்தது. அடுத்த முறை முழுவதையும் சொல்லிவிடுவேன். எதை முதலில் சொல்வது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.