கண்ணாடி டம்ளர்

ஜூன் 14
கணுக்காலில் ஏதோ கடித்திருக்கிறது. மஞ்சக்குப்பத்தில் கொசுவுக்கா பஞ்சம்.

ஜூன் 15
கொசு இல்லை. இரண்டு கணுக்காலைச் சுற்றியும் நாவல்பழம் நசுங்கிய நிறத்தில் புள்ளிகள். தடவினால் மேடு தட்டுகிறது. இடது 31, வலது 26. கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்திப் பார்த்தேன். வெறும் சிவப்பென்றால் வெளுக்க வேண்டும். வெளுக்கவில்லை. "சூடுடி. பலாப்பழத்த அந்தத் தின்னு தின்னா?" என்கிறாள் அம்மா. பண்ருட்டிப் பழம் வந்ததிலிருந்து வீட்டில் எல்லா வியாதிக்கும் அதுதான் குற்றவாளி.
மூட்டு வலிக்கு ட்ரிப் ஏற்றி ஆறு நாள்.

ஜூன் 17
புதுச்சேரி பஸ்ஸில் தவளக்குப்பம் வரை நின்றுகொண்டே போனேன். இறங்கும்போது கால் கனத்தது. மூட்டு டாக்டர் பார்த்ததும் "இன்ஃப்ளிக்ஸிமாப்" என்று தனக்குள் முனகிக்கொண்டார். எனக்கு ட்ரிப்பில் ஏற்றும் மருந்து. தோலில் உள்ள குட்டி ரத்தக்குழாய்களின் சுவர் அழன்று ரத்தம் வெளியே கசிந்துவிடுகிறதாம், டம்ளருக்கு மசியாதது அதனால்தான். நிற்க நிற்க பாரமெல்லாம் காலுக்குத்தான் இறங்கும், முடிந்தவரை காலை உயர்த்தி வை என்றார். நான் கேட்டது ஒன்றுதான்: அப்போ ஆகஸ்ட் 4, அடுத்த ட்ரிப்? "மொதல்ல இது தோலோட நிக்குதான்னு பார்ப்போம்மா."
புதுப் புள்ளியாகத் தேடி 4 மில்லிமீட்டர் தோல் துண்டு எடுத்தார்கள். பழசில் தடயம் இருக்காதாம். ஒரு தையல். சிறுநீரகத்தைத் தொட்டிருக்கிறதா என்று பார்க்க யூரின், கிரியாட்டினின் டெஸ்ட்.

ஜூன் 18
இடது 44, வலது 39.

ஜூன் 19
தூக்கம் இல்லை. ஏப்ரல் 28, மே 12, ஜூன் 9. மூன்றே தடவை ட்ரிப். இரண்டாவதற்கு அப்புறம் ஒரு நாள் காலையில் குழாயை நானே திருகி மூடினேன். இரண்டு வருஷமாக ஜாக்கெட் கொக்கியை அம்மாதான் மாட்டிவிடுவாள், இப்போது நானே. காலில் புள்ளி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், புடவை மறைக்கும். கையை எதை வைத்து மறைப்பது? இதற்காக மருந்தை நிறுத்துவார்கள் என்று தெரிந்திருந்தால் காட்டியே இருக்க மாட்டேன். யூரினில் ரத்தம் வந்தால் என்பதை இன்றைக்கு நினைப்பதில்லை என்று வைத்திருந்தேன். எழுதியாகிவிட்டது.

ஜூன் 21
யூரின் சுத்தம். கிரியாட்டினின் 0.8. அம்மா பாடலீஸ்வரருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். பலாச்சுளை மட்டும் இன்னும் கிடையாது.

ஜூன் 24
ரிப்போர்ட்: லூக்கோசைட்டோகிளாஸ்டிக் வாஸ்குலைட்டிஸ். ரத்தக்குழாயைச் சுற்றி வெள்ளணுக்கள் உடைந்து தூளாகக் கிடக்கின்றனவாம். தோலோடு நின்றுவிட்டது, சந்தோஷப்படு என்றார் டாக்டர். அதே குரலில், ஆகஸ்ட் 4 வேண்டாம், வேறு வகை மருந்து பார்ப்போம் என்றார். கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை.
திரும்பும்போது உட்கார இடம் கிடைத்தது. கன்னியக்கோவில் தாண்டும்வரை யாரோடும் பேசவில்லை.

ஜூன் 27
பழுப்பாகி மங்குகிறது. எண்ணவில்லை. ஸ்டீராய்டு பசி, ராத்திரி 11 மணிக்குப் பழைய சோறு.

ஜூன் 30
வலது ஆள்காட்டி விரல் காலையில் அரை மணி நேரம் மடங்கவில்லை. படுக்கையில் நசுங்கியிருக்கலாம். அம்மாவிடம் சொல்லவில்லை.