நாலு சென்ட்

பிப்ரவரி 4
வேலை போய்விட்டது. இந்த நாட்டில் இருக்க இன்னும் 41 நாள்.

பிப்ரவரி 5
ஆபிரகாம் கஹானின் 'தி ரைஸ் ஆஃப் டேவிட் லெவின்ஸ்கி' ஆரம்பித்தேன். 1917இல் வந்த நாவல், காப்புரிமை முடிந்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, இப்போதைக்கு எனக்குக் கட்டுப்படியாவதும் அதுதான். முதல் பத்தியிலேயே கதைசொல்லி லெவின்ஸ்கி முடிவைப் போட்டு உடைக்கிறான்: 1885இல் பையில் நாலு சென்ட்டோடு அமெரிக்கா வந்தேன், இன்று இருபது லட்சம் டாலருக்கு மேல் சொத்து, எதற்கும் அர்த்தமில்லை. இருபது லட்சத்தை வைத்துக்கொண்டு அர்த்தமில்லையாம்! எரிச்சலில் மூடிவைத்தேன். தூக்கம் வரவில்லை, திரும்ப எடுத்து ஐம்பது பக்கம்.

பிப்ரவரி 6
அம்மா போன். "ஆபீஸ் கெளம்பிட்டியா?" ஆமாம் என்று சொல்லிவிட்டு, அது பொய்யாகக் கூடாதே என்று இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு நிஜமாகவே கிளம்பிவிட்டேன். நியூயார்க், லெக்ஸிங்டன் அவென்யூ, 23ஆம் தெரு. சிட்டி காலேஜ் அப்போது அந்த முனையில்தான் இருந்தது. தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே லெவின்ஸ்கி ஏங்கிய காலேஜ், ரஷ்யாவில் விட்டுவந்த யூத ஜெப ஆலயத்தின் இடத்தில் அவன் வைத்துக்கொண்ட சிவப்புக் கட்டடம். இப்போது அங்கே பாரூக் காலேஜ். பையன்கள் காபியோடு போகிறார்கள், வருகிறார்கள். காலில் குளிர் ஏறும் வரை நின்றேன்.

அவன் அம்மா ஆரம்பத்திலேயே போய்விடுகிறாள், மகனை அடித்தவர்களிடம் நியாயம் கேட்கப் போய் அடிபட்டு. ஆபீஸ் கிளம்பிட்டியா என்று கேட்க ஆளில்லை, அதனால்தான் அவனால் இவ்வளவு தூரம் ஏற முடிந்ததோ என்று நினைத்தேன். அசிங்கமான நினைப்பு. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

பிப்ரவரி 10
வீடியோ நேர்காணல், நாற்பது நிமிடம். திரையின் மூலையில் என் தலை எல்லாவற்றுக்கும் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு அது ஆமாமா இல்லையா என்றே தெரிந்திருக்காது. யூத சமய நூலான தால்முத் படித்த காலத்துக் கையாட்டம் லெவின்ஸ்கிக்கு உடல் ஊனம் மாதிரி உறுத்துகிறது, சிரித்துக்கொண்டே படித்த இடம் அது. கண்ணாடி முன் தலையை ஆட்டாமல் பேசிப் பார்த்தேன். யாரோ மாதிரி இருந்தது.

பிப்ரவரி 11
பதில் இல்லை.

பிப்ரவரி 15
30.
பால் பாட்டில்! முதலாளியின் பட்டுக் கோட்டுகள் மேல் பால் கொட்டிவிடுகிறது, முதலாளி எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துகிறான். அந்த ரோஷத்தில் அதே முதலாளியின் டிசைனரை ரகசியமாகச் சேர்த்துக்கொண்டு சொந்தத் தொழில். காலேஜ் கனவு போச்சு, ஒரு பாட்டில் பாலில். என்னை அனுப்பியபோது யாரும் திட்டக்கூட இல்லை, ரொம்ப மரியாதையாக, பதினொரு நிமிடம். திட்டியிருந்தால் எனக்கும் ஏதாவது தோன்றியிருக்குமோ?

பிப்ரவரி 16
லெவின்ஸ்கி காதலிக்கும் டோரா வரும் அத்தியாயங்கள், மூன்றாவது தடவை. ஏன் என்று இங்கே எழுதமாட்டேன்.

பிப்ரவரி 21
24. முடித்துவிட்டேன். பெரிய முதலாளி ஆன பிறகும் அவனுக்குள் இருப்பது அந்த ஜெப ஆலயப் பையன்தானாம், பழசும் புதுசும் ஒட்டவே இல்லையாம். சரி, ஒட்டாவிட்டால் என்ன, வாடகை கட்டுகிறாயே என்று சொல்லத் தோன்றியது. ஆனால் ராத்திரி பூரா அதே வரி.

அம்மா வெள்ளிக்கிழமை வீடியோவில் வருகிறாளாம், அத்தையும் கூட இருப்பாளாம், ஆபீஸைக் காட்டச் சொல்கிறாள். 23ஆம் தெரு நூலகத்தில் பின்னால் வெள்ளைச் சுவர் தெரிகிற மேஜை ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்பது மணிக்குத் திறந்திருக்குமா?