காப்பிக்கும் தழுவலுக்கும் நடுவில் 144 தீப்பெட்டிகள்

ஓவியக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு காம்போசிஷன் (படத்தில் எதை எங்கே வைப்பது) வகுப்பில் நான் வரைந்த படத்தை சார் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஜன்னலோரம் ஒரு பெண், மேசையில் பாதி உரித்த ஆரஞ்சு, தரையில் நீளமாக விழுந்த வெயில். பிறகு போனை எடுத்து எதையோ தேடி, என் பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். அதே ஜன்னல், அதே வெயில். பின்ட்ரெஸ்டில் நான் பார்த்து எடுத்த படம்தான். பெண்ணுக்குத் தாவணி போட்டுவிட்டிருந்தேன், படத்தை இடவலமாகத் திருப்பியிருந்தேன். அவ்வளவுதான் என் வேலை.

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "ஜன்னல் ஏம்மா வலது பக்கம் இருக்கு?" என்று கேட்டார். திருப்பியதால் வலது பக்கம் வந்தது என்று எப்படிச் சொல்வது? "சரி, இது காலை வெயிலா, சாயங்கால வெயிலா?" அதற்கும் பதில் இல்லை. வரைந்தவருக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நான் வெயிலைப் பார்க்கவே இல்லை, அவர் தீட்டிய மஞ்சளைத்தான் பார்த்தேன்.

நான்கு வருட பி.எஃப்.ஏ.வை (நுண்கலைப் பட்டப் படிப்பு) முடித்து வெளியே வந்த பிறகு, கடைசி வருட டிஸ்ப்ளேவுக்கு, அதாவது தேர்வுக் காட்சிக்கு, தயாராகும் தம்பி தங்கைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: "அக்கா, எவ்வளவு எடுத்தா ரெஃபரன்ஸ், எவ்வளவு எடுத்தா காப்பி?" முப்பது சதவீதம் மாற்றினால் போதும் என்று ஹாஸ்டலில் ஒரு கணக்கு உலவும். அப்படி ஒரு அளவுகோல் எந்தச் சட்டத்திலும் கிடையாது, எந்தத் தேர்வாளரும் ஸ்கேல் வைத்து அளப்பதும் இல்லை. ஜன்னலையும் வெயிலையும் பற்றி சார் கேட்டது மாதிரியான கேள்விகளைத்தான் கேட்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் நன்னூல் படித்தபோது மனப்பாடம் செய்த ஒரு பகுப்பு இந்த இடத்தில் எனக்கு உதவியது. முதல் நூல், வழி நூல், சார்பு நூல் என்று மூன்று வகை சொல்வார்கள். வழி நூல் என்பது முன்னவரின் முடிவோடு ஒத்துப்போக வேண்டும், பின்னால் வந்தவர் வேண்டிய விகற்பத்தையும், அதாவது வேறுபாட்டையும், சொல்ல வேண்டும். பார்த்து எழுதுவதை இலக்கணமே ஒரு வகையாக ஏற்றுக்கொண்டு இடம் கொடுத்திருக்கிறது, ஒரு நிபந்தனையோடு. விகற்பம் எங்கே? தாவணி விகற்பமா என்று கேட்டால், இல்லை. படத்தில் தாவணியால் எதுவுமே நகரவில்லை.

விகற்பம் எப்படி வருகிறது என்பதை எனக்குக் காட்டியவர் வான்கோ. அவர் காப்பி அடித்த கதையை எல்லா மாணவர்களும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1887-இல் பாரிஸில் இருந்தபோது, ஹிரோஷிகே என்ற ஜப்பானிய ஓவியர் 1857-இல் வெளியிட்ட ஒரு மரக்கட்டை அச்சுப் படத்தை எடுத்துக்கொண்டார். பூத்திருக்கும் பிளம் தோட்டம். முன்னால் ஒரு மரம் படத்தையே குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். அதன் கிளைகளுக்கு நடுவே, தூரத்தில், எறும்பு எறும்பாக மனிதர்கள். வான்கோ இதை ஒரு தாளில் டிரேஸ் செய்து, அதன் மேல் கட்டம் போட்டு, கித்தானில் பெரிதாக்கினார். நம் ஊரில் பேனர் வரைகிறவர்கள் செய்யும் அதே கட்டம்தான். வண்ணத்தைக் கூட்டினார். இரண்டு பக்கமும் ஆரஞ்சுப் பட்டை வைத்து அதில் ஜப்பானிய எழுத்துகளை வரைந்தார். வேறு அச்சுப் படங்களிலிருந்து எடுத்த எழுத்துகள், அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது.

இந்தப் படத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அவரும் என்னைப் போல ஒரு இரண்டாம் ஆண்டு மாணவர்தான். ஆனால் அடுத்த வருடம் நவம்பரில், ஆர்ல் நகரத்தில், விதைக்கிறவன் ஒருவனை வரைந்தார். அந்த விதைக்கிறவன் மில்லே என்ற பிரெஞ்சு ஓவியரின் 1850-ஆம் வருடத்துப் படத்திலிருந்து வந்தவன், வான்கோ பல வருடம் திரும்பத் திரும்ப வரைந்து பழகிய உருவம். இந்தத் தடவை அவனுக்கு முன்னால் ஒரு மரம் குறுக்கே சாய்ந்து நிற்கிறது. ஹிரோஷிகேயின் பிளம் மரத்து ஞாபகம். தலைக்குப் பின்னால் ஒரு பெரிய மஞ்சள் சூரியன். இரண்டு பேரிடம் கடன் வாங்கியிருக்கிறார், இரண்டையும் நாம் கண்டுபிடித்துவிட முடிகிறது, ஆனாலும் அந்தப் படத்தை மில்லேயும் வரைந்திருக்க முடியாது, ஹிரோஷிகேயும் வரைந்திருக்க முடியாது.

இதில் நான் கவனித்தது நடுவில் போன காலம். முதலில் கட்டம் போட்டு, ஒளிக்காமல், ஒழுங்காகக் காப்பி. பிறகு அது கையில் ஊறும் வரைக்கும் வேறு வேலைகள். அப்புறம் ஒரு நாள் அந்த மரம் கூப்பிடாமலே வந்து நிற்கிறது. நாம் பெரும்பாலும் முதல் படியையும் கடைசிப் படியையும் ஒரே ராத்திரியில் முடிக்கப் பார்க்கிறோம், அதுவும் சப்மிஷனுக்கு முந்தைய ராத்திரி.

கடைசி வருடத்தில் நான் எடுத்துக்கொண்டது கேலண்டர் லட்சுமி. என் ஊர் கோவில்பட்டிக்குப் பக்கம். (கடலை மிட்டாய் வாங்கி வரச் சொல்லாத நண்பர்கள் எனக்கு இல்லை.) கேலண்டர் சாமி படங்களுக்கு எங்கள் பகுதியில் ஒரு பெரிய பெயர் உண்டு: சி. கொண்டைய ராஜு, 1898-இல் பிறந்தவர், 1976-இல் மறைந்தவர். சென்னையில் ஓவியம் படித்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்து, கடைசியில் கோவில்பட்டியில் தங்கிவிட்டவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமிகள் சிவகாசியில் அச்சாகி வீடு வீடாகப் போயின. அவருக்கும் முன்னால் ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, எண்ணெய் வண்ண தெய்வங்களைக் காகிதத்துக்கு இறக்கிவிட்டிருந்தார். ஆக, எங்கள் அம்மாச்சி வீட்டுச் சுவரில் தொங்கிய கஜலட்சுமியே கை மாறி, கை மாறி வந்த படம். அதை நான் இன்னொரு கை மாற்றப் போகிறேன், அவ்வளவுதானே என்று ஆரம்பித்தேன்.

முதல் மூன்று வாரம் வெறும் காப்பி. கட்டம் போட்டு, நகைநட்டு உட்பட. இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். காப்பி அடிக்கும்போதுதான் லட்சுமியின் மேல் கைகள் இரண்டும் தோளிலிருந்து கிளம்பாமல், முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறமாதிரி வைத்து, உடற்கூறுச் சிக்கலை ஓவியர் தாவணி மடிப்பில் மறைத்திருப்பது தெரிந்தது. நூறு தடவை சுவரில் பார்த்தும் தெரியாத விஷயம்.

அப்புறம் படத்தைச் சுருட்டி பீரோ மேல் போட்டுவிட்டேன். ஒரு வாரம் பார்க்கவில்லை. பிறகு ஞாபகத்திலிருந்து வரைந்தேன். இதுதான் நான் எல்லோருக்கும் சொல்லும் ஒரே பயிற்சி. ஞாபகத்தில் வரைந்ததில் எது தப்பாக வருகிறதோ அதைத் திருத்தாதீர்கள், வட்டம் போட்டு வையுங்கள். என் படத்தில் லட்சுமியின் கையிலிருந்து கொட்டும் காசுகள் வட்டமாக வரவில்லை, சின்னச் சின்னச் செவ்வகமாக வந்திருந்தன. அவசரத்தில் போட்ட கோடு என்றுதான் முதலில் நினைத்தேன். நான்காவது தடவையும் செவ்வகமாகவே வந்தபோதுதான் உறைத்தது: எங்கள் வீட்டில் கையிலிருந்து கொட்டுவது தீப்பெட்டி. அம்மா பெட்டி ஒட்டி முடித்துத் தரையில் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே நான் வீட்டுப்பாடம் எழுதினவள்.

அங்கிருந்து வேலை தானாக நகர்ந்தது. தீப்பெட்டியைக் குரோஸ் கணக்கில்தான் எண்ணுவார்கள், ஒரு குரோஸ் 144. 12-க்கு 12 என்று ஒட்டினால் ஒரு பெரிய செவ்வகம். கட்டம் போட்டுப் பெரிதாக்கும் பழைய முறை அப்படியே கையில் இருக்கிறது, ஒவ்வொரு கட்டமும் ஒரு பெட்டி. லட்சுமியை அந்த 144 பெட்டிகளில் பிரித்து வரைந்தேன். நான்கு கைகளும் பெட்டி ஒட்டும் கைகள். முகத்தை லேபிள் தாள் மாதிரித் தட்டையாக, மூன்றே வண்ணத்தில் வைத்தேன். மேலே இரண்டு பக்கமும் யானைகள்.

யானைகள் காயவில்லை. வண்ணத்தைத் தடிமனாகப் பூசிவிட்டேன், அட்டை ஊறிவிட்டது. இரண்டு மூலையிலும் ஒன்பது ஒன்பதாகப் பதினெட்டுப் பெட்டிகளைக் கழற்றி மொட்டை மாடியில் காய வைத்துவிட்டு வந்து பார்த்தால், சுவரில் இரண்டு ஓட்டை. நின்று பார்த்தேன். மறுநாளும் பார்த்தேன். அப்படியே விட்டுவிட்டேன்.

மாற்றம் என்றால் உருவத்தை அடையாளம் தெரியாமல் சிதைப்பது என்று ஒரு எண்ணம் மாணவர்களிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பெங்களூரைச் சேர்ந்த கலைஞர் புஷ்பமாலா என்., புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000-க்குப் பிறகான சில வருடங்களில் செய்த தொடரில், ரவிவர்மாவின் நிலவொளிப் பெண்ணாகத் தானே வேடம் போட்டு உட்கார்ந்தார். சேலை, நிலா, உட்காரும் விதம் எல்லாவற்றையும் ரவிவர்மா வைத்தபடியே வைக்கப் பார்த்திருப்பார். ஆனால் வரையப்பட்டுக்கொண்டே இருந்த பெண் இப்போது படத்தை நடத்துகிறவள் ஆகிவிட்டாள். உருவத்தில் கை வைக்காமலே கேள்வி மாறிவிட்டது.

அதே மாதிரி, ஓவியத்திலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963-இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசையில் கணக்குக் குறிகளும் ஜாதகக் கட்டங்களும் எழுத்து மாதிரியான கிறுக்கல்களும் வரும். ஜாதகம் எல்லோர் வீட்டுப் பெட்டியிலும் கிடந்தது, அதை யாரும் ரெஃபரன்ஸ் என்று நினைக்கவில்லை. உங்கள் போர்டில் பத்துப் படம் ஒட்டியிருந்தால், பத்தும் இன்ஸ்டாகிராமில் வந்த ஓவியங்களாக இருந்தால், பயப்படுங்கள். மளிகைக் கடை பில், பஸ் டிக்கெட், அப்பாவின் பழைய எக்ஸ்ரே, எதையாவது நடுவில் சொருகுங்கள். ஏஐயில் போட்டு எடுத்த படங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். என் பதில் ஒன்றுதான்: வெயில் காலையா சாயங்காலமா என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்குமா?

சட்டம் பற்றிக் கொஞ்சம். யோசனைக்குக் காப்புரிமை (காப்பிரைட்) இல்லை, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978-இலேயே சொல்லிவிட்டது. 1957-ஆம் வருடக் காப்புரிமைச் சட்டப்படி ஓவியர் இறந்த பின் 60 வருடம் உரிமை நிற்கும், இறந்த வருடத்துக்கு அடுத்த வருடத்திலிருந்து எண்ண வேண்டும். ரவிவர்மா 1906-இல் போய்விட்டார், பிரச்சினை இல்லை. கொண்டைய ராஜுவின் படங்களுக்கு 2036 முடியும் வரை இருக்கிறது. படிப்பதற்காக உட்கார்ந்து காப்பி செய்வது வேறு, அதைப் பிரிண்ட் போட்டு விற்பது வேறு. டிஸ்ப்ளேயில் யாராவது விலை கேட்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். "நான் மாற்றிவிட்டேன்" என்பது பெரிய பெயர்களுக்கே எப்போதும் கை கொடுப்பதில்லை. பாடகர் பிரின்ஸை லின் கோல்ட்ஸ்மித் 1981-இல் எடுத்த போட்டோவை வைத்து அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் செய்த படம் 2016-இல் ஒரு பத்திரிகை அட்டைக்குப் போனது. அந்த வழக்கில் 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் போட்டோ எடுத்தவர் பக்கம்தான் நின்றது. போட்டோவும் அந்தப் படமும் பத்திரிகைக்கு ஒரே வேலையைத்தான் செய்தன என்பது முக்கியக் காரணம்.

ஸ்கெட்ச் புக் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் வரைந்தவர் பெயர், வருடம், நிஜமான அளவு. பின்ட்ரெஸ்ட் என்று எழுதுவது, அரிசி எங்கே விளைந்தது என்று கேட்டால் ரேஷன் கடையைக் கைகாட்டுவது மாதிரி. கூகிள் லென்ஸில் போட்டால் பெரும்பாலும் பெயர் கிடைத்துவிடும், கிடைக்காவிட்டால் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள். கீழே இரண்டு வரி: இதிலிருந்து என்ன எடுத்தேன், எதை விட்டேன். காம்போசிஷனா, வண்ணமா, கை வைத்திருக்கும் விதமா? "இன்ஸ்பிரேஷன்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். அழகாகச் செய்யவும் வேண்டாம், தேர்வுக்கு முந்தின வாரம் உட்கார்ந்து பழைய தேதி போட்டு எழுதிய ஸ்கெட்ச் புக் ஒரே பேனா மையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். படத்துக்குக் கீழே ஒட்டும் அட்டையிலும் "கேலண்டர் கஜலட்சுமியைத் தழுவி" என்று வெளிப்படையாகப் போட்டேன். போட்டால் மார்க் குறையும் என்று ஒரு தோழி பயமுறுத்தினாள். குறையவில்லை.

வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) வெளியிலிருந்து வந்த மேடம் முதலில் கேட்டதே, "யானை எங்கே?" என்றுதான்.

காயவில்லை, கழற்றினேன் என்று உள்ளதைச் சொன்னேன்.

"சரி, காஞ்சப்புறம் ஏன் திரும்ப வைக்கல?"

"வெச்சுப் பார்த்தேன் மேடம். யானை தண்ணி ஊத்துனா அவங்க சாமியாயிடறாங்க. இல்லேன்னா பெட்டி ஒட்டிட்டே இருக்காங்க."

தலையாட்டினார். பிறகு என் படத்தின் ஓரத்தில் நான் வைத்திருந்த ஆரஞ்சுப் பட்டையைத் தொட்டு, இது எங்கிருந்து என்று கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. வான்கோ, ஹிரோஷிகே, 1887 என்று ஒப்பித்தேன். "ஸ்கெட்ச் புக்ல காட்டுங்க" என்றார். புரட்டினேன். அந்தப் பக்கத்தில் ஆரஞ்சு இருந்தது, அளவு இருந்தது, பக்கத்தில் "பார்டர்?" என்று ஒரு கேள்விக்குறி இருந்தது. பெயர் இல்லை.

மேடம் தன் பையிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினார். அவர் பார்த்துக்கொண்டிருக்க, அங்கேயே எழுதினேன்.