முதல் ஒன்றரை நிமிடம்

2013 செப்டம்பரில் நரிதா விமான நிலையத்தில் இறங்கியபோது, ஜப்பானிய மொழி எனக்கு ஓரளவு தெரியும் என்ற நினைப்பில் இருந்தேன். அந்த நினைப்புக்கு ஆதாரம் ஒரு நாற்பது பக்க நோட்டு.

கோவையில் கல்லூரி விடுதியில் இருந்தபோது, 2008, 2009 வாக்கில், ஜப்பானியக் கார்ட்டூன்களான அனிமே தொடர்கள் யாரோ ஒருவனின் ஹார்ட் டிஸ்க்கில் ஏறி அறை அறையாகச் சுற்றி வரும். நரூட்டோ, ப்ளீச், எவாஞ்சலியன் என்று கிடைத்ததையெல்லாம் பார்த்தோம். ஆங்கில சப்டைட்டிலைப் படித்துக் கதையைப் புரிந்துகொள்வோம். ஆனால் ஒவ்வொரு பாகத்தின் தொடக்கத்திலும் வரும் பாட்டை ஒருவனும் ஓட்டிவிட மாட்டான். இகிமோனோ ககாரி குழு பாடிய 'ப்ளூ பேர்ட்' வந்தால் பக்கத்து அறைக்காரன் வாளியோடு நின்று கேட்டுவிட்டுத்தான் குளிக்கப் போவான். அந்தப் பாட்டுகளைக் காதால் கேட்டு, அப்படியே தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பொருள் தெரியாது. ஆனால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் பாடுவேன்.

எங்கள் ஊர் கரூர். கரூரிலிருந்து தோக்கியோவுக்கு நான் கொண்டுவந்தவற்றில் புளியும் மிளகாய்த்தூளும் மூன்று மாதத்தில் தீர்ந்தன. நோட்டு தீரவில்லை, ஆனால் அதைவிட வேகமாகப் பயனற்றுப் போனது.

வீடு பிடித்தது, கையெழுத்துக்குப் பதில் பெயர் முத்திரை செய்தது, குப்பையைக் கிழமை வாரியாகப் பிரித்தது பற்றியெல்லாம் இங்கே வந்த ஒவ்வொருவரும் எழுதிவிட்டார்கள். நிறுவனம் நிஷிகசாயில் அறை பார்த்துக் கொடுத்தது. எதோகவா வட்டாரத்தில் இந்தியர்கள் நிறைய இருக்கும் இடம், தோசாய் தடத்தில் இருக்கிறது, மளிகைக் கடையில் துவரம்பருப்பு கிடைக்கும். அவ்வளவு போதும்.

என் முதல் அடி அலுவலகத்தில் விழுந்தது. வந்த இரண்டாவது வாரம், என்னை அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார்கள். எழுந்து நின்று, நோட்டில் ஆயிரம் முறை எழுதியிருந்த சொல்லால் 'நான்' என்று தொடங்கினேன்: 'ஒரே'. அறையில் சட்டென்று ஓர் அமைதி. ஜப்பானியத்தில் 'நான்' என்பதற்கு ஏகப்பட்ட சொற்கள். 'ஒரே' ஆண்கள் தோளில் கை போட்டுக்கொண்டு பேசும்போது சொல்லும் 'நான்'. சண்டைக் கதாநாயகன் சொல்லுவான். பிரிவுத் தலைவர் முன்னால் புதிதாக வந்தவன் சொன்னால், எங்கள் ஊரில் மாமனாரை வாடா போடா என்பதற்கு ஒரு படிதான் குறைவு. பிறகு ஒரு சக ஊழியர் தேநீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாகச் சொன்னார்: "வதஷி. எப்போதும் வதஷி."

அப்புறம் மாலை வகுப்பில் சேர்ந்தேன். தகாதனோபாபா நிலையத்துக்குப் பக்கத்தில் மொழிப் பள்ளிகள் அதிகம். அலுவலகத்திலிருந்து யமனோத்தே வட்டத் தடத்தில் அங்கே போய், வகுப்பு முடிந்து தோசாய் தடத்தில் நேராக வீடு. அங்கே ஒரு சிறு தேர்வில் 'அண்டவெளி' என்று பொருள்படும் இரண்டு 'கஞ்சி' எழுத்துகளுக்கு, அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துகளுக்கு, உச்சரிப்பு எழுதச் சொன்னார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த எழுத்துகள், எத்தனை பாட்டின் வரிகளில் பார்த்திருக்கிறேன்! 'சொரா' என்று எழுதினேன். ஆசிரியை வாய்விட்டுச் சிரித்தார். அதன் உச்சரிப்பு 'உச்சூ'. 'சொரா' என்றால் வானம். பாடலாசிரியர்கள் அண்டவெளி என்று எழுதி, வானம் என்று பாட வைப்பார்கள். விதி என்பதற்கான எழுத்தைப் போட்டு வேறொரு பழஞ்சொல்லால் படிக்கச் சொல்வார்கள். கண்ணுக்கு ஒரு பொருள், காதுக்கு ஒரு பொருள். ரசிக்க அருமையான வித்தை, தேர்வில் பூஜ்யம்.

நோட்டைப் பெட்டியின் அடியில் போட்டேன்.

ஆனால் அதே தகாதனோபாபாவில்தான் வேறு ஒன்று காதில் ஏறிக்கொண்டிருந்தது. ஜப்பானில் பல ரயில் நிலையங்களில் கதவு மூடும் முன் சில விநாடிகள் ஒரு மெட்டு ஒலிக்கும். அந்த நிலையத்தில் யமனோத்தே நடைமேடையில் வரும் மெட்டு 'தெத்சுவான் ஆட்டம்' தொடரின் பாட்டு. ஆட்டம் என்பவன் நாம் ஆஸ்ட்ரோ பாய் என்று சொல்லும் எந்திரச் சிறுவன். தெசுகா ஒசாமு 1952இல் வரையத் தொடங்கிய கதை, 1963 ஜனவரி 1 அன்று தொலைக்காட்சிக்கு வந்தது. கதைப்படி ஆட்டம் உருவானது 2003 ஏப்ரல் 7, இடம் தகாதனோபாபா. கற்பனைப் பிறந்தநாள் நிஜமாகவே வந்து சேர்ந்த அந்த ஆண்டில் மெட்டையும் நிலையத்தில் வைத்துவிட்டார்கள். ரயில் பாலத்தின் கீழே தெசுகாவின் பாத்திரங்கள் சுவர் முழுக்க இருக்கும். பாட்டை எழுதியவர் தனிகாவா ஷுந்தாரோ. 2024இல் மறைந்த, அந்த நாட்டின் மிகப் பெரிய கவிஞர்களில் ஒருவர். கார்ட்டூனுக்குப் பாட்டெழுத அவர் கூசவில்லை என்பது எனக்கு அப்போது பெரிய செய்தி.

விசேஷம் என்னவென்றால், மூன்று மாதம் தினமும் கேட்டும் அது அனிமே பாட்டு என்றே எனக்குத் தெரியாது. வகுப்புக்குத் தாமதம் என்று படியில் ஓடும்போது கேட்கும் சத்தம், அவ்வளவுதான். ஒரு நாள் நடைமேடையில் ஒரு முதியவர் அதற்குச் சன்னமாகச் சீட்டி அடித்தார். அவர் என்னைப் போல ரசிகர் இல்லை. அவருக்கு அந்தப் பாட்டு தெரியும், அவ்வளவே.

டிசம்பரில் அலுவலகத்தின் 'போனென்காய்', ஆண்டை மறக்கும் விருந்து. அது முடிந்ததும் இரண்டாம் சுற்று, கரோக்கே: திரையில் ஓடும் வரிகளைப் பார்த்து இசைக்குப் பாடுவது. என் காலம் வந்துவிட்டது என்று நினைத்தேன். இளையவர்கள் 'ப்ளூ பேர்ட்' போட்டுக் கொடுத்தார்கள். மைக்கைப் பிடித்து முதல் சரணத்தைக் கிழித்துவிட்டேன். கைதட்டல். பிரிவுத் தலைவர் கூட "ஓ!" என்றார். பிறகு இசை ஓடியது, திரையில் இரண்டாவது சரணம் வந்தது. எனக்கு அந்தச் சரணமே தெரியாது! தொலைக்காட்சியில் வருவது ஒன்றரை நிமிடத் துண்டு. முழுப் பாட்டு கிட்டத்தட்ட நாலு நிமிடம் போகும். விடுதியில் நாங்கள் கேட்டதெல்லாம் அந்த ஒன்றரை நிமிடம்தான். கஞ்சி எழுத்துகள் திரையில் நிறம் மாறி மாறி ஓட, நான் மைக்கோடு சிலையாக நின்றேன்.

போதாததற்கு மார்க் போடும் இயந்திரம். சிறு வயதில் அம்மா என்னை இரண்டு வருடம் பாட்டு வகுப்புக்கு அனுப்பியிருந்தார், அந்தப் பழக்கத்தில் குரல் தானாகவே கமகம் போடும். இயந்திரம் அதை 'கொபுஷி' என்று எண்ணிக் கணக்கு வைக்கும். என்கா என்கிற அவர்களுடைய பழைய பாணிப் பாட்டுகளில் வரும் குரல் உருட்டல் அது. எனக்குக் கொபுஷி எண்ணிக்கை அறையிலேயே அதிகம், சுருதி மதிப்பெண் அறையிலேயே குறைவு.

அடுத்துத் தலைவர் எழுந்தார். 1974இல் வந்த 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாத்தோ'. சசாகி இசாவோ பாடிய பாட்டு. ஐம்பத்தெட்டு வயது மனிதர், கழுத்துப்பட்டை தளர்ந்து, நெஞ்சில் கை வைத்துப் பாடினார். அதில் அண்டவெளியை 'உச்சூ' என்றே பாடுகிறார்கள். என் ஆசிரியை இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். கடைசியில் யாரோ 'சசாயெ சான்' போட்டார்கள். அறையே சேர்ந்து பாடியது. கணக்கு எழுதும் அம்மாள், அதுவரை எழுந்திருக்கவே இல்லை, மேசையில் தாளம் போட்டார். என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. நான் வெளியூர்க்காரன் என்பது 'ஒரே' சொன்ன அன்றுகூட அவ்வளவு உறைக்கவில்லை.

'சசாயெ சான்' 1969 அக்டோபரில் தொடங்கி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. உலகில் மிக நீண்ட காலம் ஒளிபரப்பாகும் அனிமேஷன் தொடர் என்று கின்னஸ் பதிவு உண்டு. தொடக்கப் பாட்டும் அன்றிலிருந்து அதேதான்: த்சுத்சுமி க்யோஹெய் மெட்டு, உனோ யூகோ குரல். சாகசம் ஒன்றும் கிடையாது. மீனைக் கவ்விக்கொண்டு ஓடும் பூனையை வெறுங்காலோடு துரத்தும் ஒரு குடும்பப் பெண்ணைப் பற்றிய பாட்டு. வீட்டில் எல்லோருக்கும் கடல் சம்பந்தப்பட்ட பெயர்: தம்பி சூரை மீன், தங்கை கடற்பாசி, இப்படி. ஞாயிறு மாலை 6.30க்கு வரும். அந்தப் பாட்டு கேட்டால் நாளை வேலைக்குப் போக வேண்டுமே என்று மனம் சுருங்குவதற்கு 'சசாயெ சான் நோய்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷன் படம் முடியும்போது, எழுதாத வீட்டுப்பாடம் நினைவுக்கு வந்து வயிறு கலங்குமே, அதேதான். அடுத்த ஞாயிறு முதல் தவறாமல் பார்த்தேன். ஆறு மாதத்தில் எனக்கும் நோய் தொற்றியது.

இப்போது மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த பாட்டு எது என்று யார் கேட்டாலும் இதைச் சொல்லாமல் விட மாட்டேன்.

தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை. பள்ளியில் படித்தது. ஜப்பானியத்திலும் குறில் ஒன்று, நெடில் இரண்டு. அதனால் அத்தைக்கும் பாட்டிக்கும் நடுவே வெறும் நெடில்தான் வித்தியாசம் என்றால் நமக்குச் சிரமமே இல்லை. ஆனால் ஒற்று அங்கே அரை இல்லை, முழு ஒன்று. 'கிதெ' என்றால் வா. நடுவில் ஒற்று நின்று 'கித்தெ' ஆனால் தபால்தலை. 'சான்' என்று நாம் நீட்டிச் சொல்லும் மரியாதைச் சொல் நம் காதுக்கு ஓரசை. அவர்களுக்கு 'ச' ஒன்று, 'ன்' ஒன்று. நான் ஒற்றுகளையெல்லாம் தமிழ்க் கணக்கில் பாதியாக விழுங்கிப் பேசிக்கொண்டிருந்தேன். இலக்கணம் சரி, சொல் சரி, எதிரே இருப்பவர் மட்டும் "ஹெ?" என்பார்.

அதைத் திருத்தியது எவாஞ்சலியன் பாட்டு. 1995இல் வந்தது, தகஹாஷி யோகோ பாடியது, கரோக்கேயில் இன்றும் தளராத குதிரை. முதல் வரியே வாத்தியம் எதுவும் இல்லாமல் வெறும் குரலில் வரும். முதல் சொல் 'ஸன்கொகு', கொடூரம் என்று பொருள். அதில் ஸவுக்கு ஒரு சுரம், ன்னுக்குத் தனியாக ஒரு சுரம், கொவுக்கு ஒன்று, குவுக்கு ஒன்று. அந்த ன் மீது குரல் நின்று, மேலே ஏறி, பிறகுதான் அடுத்த எழுத்துக்குப் போகும். பல வருடம் பாடிய பாட்டில் அன்றுதான் அதைக் கேட்டேன். ஆசிரியை ஒரு வருடம் கரும்பலகையில் புள்ளி வைத்துச் சொன்னது, குளியலறையில் ஒரு காலை நேரத்தில் விளங்கியது. பெட்டியின் அடியிலிருந்து நோட்டை எடுத்து, எல்லா ஒற்றுகளுக்கும் சிவப்பு மையில் வட்டம் போட்டேன்.

மகன் 2019இல் பிறந்தான். குழந்தைகள் காப்பகத்துக்குப் போக ஆரம்பித்ததும் வீட்டுக்குள் வந்தது 'அன்பன்மன்'. தலை முழுவதும் ரொட்டி, உள்ளே இனிப்புப் பயறு விழுது. யாராவது பசியோடு இருந்தால் தன் தலையையே பிய்த்துக் கொடுக்கும் வீரன். 'அன்' என்பது பயறு விழுது, 'பன்' என்பது ரொட்டி. போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். கீழ்த்தளத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணையிடம் சொன்னேன். "நாங்களும் பாண் எண்டுதானே சொல்லுறது, அவங்கள் அங்கையும் வந்திட்டுத்தானே போனவங்கள்" என்றார்.

2022 அக்டோபரில் காப்பகத்தின் விளையாட்டு விழா. மூன்று வயதுக் குழந்தைகள் வரிசையாக நின்று 'அன்பன்மன் அணிவகுப்பு'க்குக் கை கால் ஆட்டினார்கள். துள்ளலான மெட்டு, நானும் படம் பிடித்துக்கொண்டே தலையாட்டினேன். பிறகு வரிகள் காதில் விழுந்தன. எதற்காகப் பிறந்தாய், என்ன செய்து வாழப்போகிறாய், இதற்குப் பதில் தெரியாமலே முடிந்துபோவது வேண்டாம் என்கிற பாட்டு அது! சித்தர் பாட்டை எடுத்து அங்கன்வாடியில் அபிநயம் பிடிக்க வைத்த மாதிரி இருந்தது. படம் ஆடிப்போய்விட்டது.

எழுதியவர், பாத்திரத்தைப் படைத்த யனசெ தகாஷியே. 1919இல் பிறந்தவர். சிப்பாயாகச் சீனாவில் இருந்தவர், பசியை அங்கே அனுபவித்தவர். தம்பியைப் போரில் இழந்தவர். நாட்டுக்கு நாடு நியாயம் மாறும், பசித்தவனுக்குச் சாப்பாடு போடுவது மட்டும் எங்கேயும் மாறாது என்பது அவர் கட்சி. தொடர் தொலைக்காட்சிக்கு வந்தது 1988இல், அவருக்கு 69 வயது. 2011 நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்த நாட்களில் வானொலிக்கு இந்தப் பாட்டைக் கேட்டு விண்ணப்பங்கள் குவிந்தன. நான் இங்கே வருவதற்கு முந்தைய கதை. ஆனால் அதை என்னிடம் சொன்ன காப்பக ஆசிரியை, சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் காலணி அடுக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

போன வருடம் அம்மா மூன்று மாத விசாவில் வந்திருந்தார். பேரன் பாடப் பாடக் கேட்டு, "யாருங்கண்ணு அந்த அன்பன்?" என்றார். ரொட்டி என்றோம். "நல்ல பேருதான் வெச்சிருக்காங்க" என்றவர், ஊருக்குப் போகும்வரை அதை அன்பன் பாட்டு என்றுதான் சொன்னார். தகாதனோபாபா நடைமேடையில் அம்மாவை நிறுத்தி ஆட்டம் மெட்டைக் கேட்க வைத்தேன். "வண்டி வந்துருச்சு, ஏறுடா" என்றார்.

இந்த டிசம்பரில் குடும்பமாகக் கரோக்கே போனோம். 'ப்ளூ பேர்ட்' பாடினேன், இரண்டாவது சரணத்தோடு. பிறகு மகனுக்காக அன்பன்மன். இயந்திரம் 88 போட்டது. கொபுஷி வழக்கம்போல எக்கச்சக்கம். மகன் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"நல்லாதான் பாடுனீங்கப்பா. ஆனா கடைசி ன் பாதிதான் வந்துச்சு."