எந்த நாட்டுக்கு, பிள்ளை?

"நான் ஏஜென்சியிலை பதிஞ்சிருக்கிறன் மாமி" என்று சொன்னதும் பக்கத்து வீட்டு மாமி கேட்ட முதல் கேள்வி: "எந்த நாட்டுக்கு, பிள்ளை?"

அவரில் பிழை இல்லை. யாழ்ப்பாணத்தில் ஏஜென்சி என்றால் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற இடம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் கனடாவோ லண்டனோ, குறைந்தது கட்டாரோ வரவேண்டும். "இஞ்சை ரவுணுக்குள்ளைதான் மாமி, ஒரு ஒஃபிசிலை மூண்டு நாலு மாச வேலை" என்றேன். மாமி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதுக்கேன் பிள்ளை ஏஜென்சி?" என்றார். நல்ல கேள்வி. அதற்கு அன்று என்னிடமும் சரியான பதில் இருக்கவில்லை.

2023இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் முடித்தேன். பிறகு, பட்டம் முடித்தவர்கள் எங்கள் ஊரில் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன்: அரச நியமனத்துக்குக் காத்திருந்தேன். காலையில் அப்பா உதயனிலும் வலம்புரியிலும் வேலைவாய்ப்பு விளம்பரங்களைப் பேனையால் வட்டமிட்டு மேசையில் வைத்துவிட்டுப் போவார். முக்கால்வாசியில் அனுபவம் கேட்டிருப்பார்கள். மிச்சத்தில் "அலுவலக உதவியாளர்" என்று போட்டிருக்கும். நேரே போனால் கொமிஷனுக்குக் காப்புறுதி விற்கிற வேலையாக இருக்கும்.

முதலில் போன ஏஜென்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாடியில் ஒரு அறை. பதிவுக் கட்டணம் என்று 2,500 ரூபா வாங்கினார்கள். தந்த துண்டில் திகதி இருந்தது, முகவரி இல்லை. இரண்டு குறுஞ்செய்தி வந்தது. இரண்டும் மேலே சொன்ன கொமிஷன் வேலைதான். அந்தக் காசை அப்பாவிடம் வாங்கியிருந்ததால் கனநாள் அவரிடம் சொல்லவில்லை.

இரண்டாவது இடத்தைச் சொன்னவள் என்னோடு கம்பஸில் படித்த ஒருத்தி. ஆட்களை வேலைக்கு எடுத்து வேறு நிறுவனங்களுக்குக் கொடுக்கிற கொழும்புக் கொம்பனி ஒன்றின் சின்னக் கிளை அது. 'மான்பவர் கொம்பனி' என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அங்கே கட்டணம் எவ்வளவு என்று நானாகவே பேர்ஸைத் திறந்தேன். மேசையில் இருந்த அக்கா சிரித்தார். "உங்களிட்டை ஏன் தங்கச்சி காசு? ஆள் கேக்கிற கொம்பனிதான் எங்களுக்குத் தரும்." எனக்கு அந்த 2,500 நெஞ்சுக்குள் குத்தியது.

அன்றே ஒரு சோதனை வைத்தார்கள். எக்செலில் ஐம்பது பெயர் கொண்ட ஒரு பட்டியல். அதை ஊர்வாரியாக அடுக்கி, தொகை கூட்டி, ஒரே பக்கத்தில் வருகிற மாதிரி பிரின்ட் எடுக்கவேண்டும். அடுக்குவதும் கூட்டுவதும் எல்லாருக்கும் வரும். அந்த ஒரே பக்கத்தில்தான் மூன்று பேர் அகப்பட்டார்கள். பதினொரு பக்கம் வெளியே வந்து பிரின்டர் மூச்சு வாங்கியது.

அடுத்தது தமிழ் தட்டச்சு. "பாமினியோ, யூனிகோடோ?" என்று கேட்டார்கள். "ரெண்டும் ஏலும்" என்றேன். அக்கா நிமிர்ந்து பார்த்தார். இது தெரியாதவர்களுக்கு: எங்கள் பக்கத்து அலுவலகங்களில் பழைய கடிதங்கள் எக்கச்சக்கம் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். புதிய மென்பொருள்கள் யூனிகோட்டைத்தான் ஏற்கும். மூத்தவர்களுக்குப் பாமினியில் விரல் ஓடும். என் வயதுக்காரர் போனில் அடிக்கிற மாதிரி ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குவார்கள். இரண்டு பக்கமும் போய்வரக்கூடிய ஆள் குறைவு. நான் பாமினி பழகியது ஒரு நோட்டீஸ் அடிக்கிற கடையில், ஏ.எல் எழுதிவிட்டுச் சும்மா இருந்த நாட்களில். என்னுடைய பட்டத்தைப் பற்றி அங்கே ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

சிங்களம் கதைப்பீர்களா என்றும் கேட்டார்கள். விளங்கும், கதைக்க வராது என்று உள்ளதைச் சொன்னேன். படிவத்தில் அப்படியே எழுதினார் அக்கா. கொழும்புத் தலைமை அலுவலகத்தோடு போனில் மல்லுக்கட்டும்போது, அன்று பொய் சொல்லாமல் விட்டது எவ்வளவு நல்லது என்று தெரிந்தது.

அதன் பிறகு மூன்று கிழமை சத்தமில்லை. நான் ஒவ்வொரு திங்களும் காலையில் ஒரு கோல் எடுத்தேன். நச்சரிக்கிறேனோ என்று வெட்கமாக இருந்தது. ஆனால் வேலை வந்தது அந்தக் கோலில்தான். ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கிளையில் ஒரு அக்கா பிரசவ விடுமுறையில் போகிறார். 84 வேலை நாட்கள். அந்த இடைவெளிக்கு ஒரு ஆள் வேண்டும். "வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் கேட்டவை, நீங்கள் இண்டைக்கு எடுத்திட்டீங்கள்" என்றார். பட்டியலில் எனக்கு மேலே ஆட்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் திங்கட்கிழமை கோல் எடுத்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

கடதாசி வேலைக்கு ஒரு கிழமை போனது. கிராம சேவகர் சான்றிதழ், அதற்குக் கோப்பாயில் பிரதேச செயலகத்தில் மேலொப்பம், பொலிஸ் அறிக்கை, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், சமாதான நீதவானின் கையெழுத்து. நீர்வேலியில் இருந்து 750 பஸ்ஸில் அந்தக் கிழமை எத்தனை தரம் ஏறி இறங்கினேன் என்று எண்ணவில்லை. இதற்கு ஒரு புத்தி சொல்வேன்: வேலை வரும் என்று காத்திருக்கும் நாட்களிலேயே பிரதிகளை எடுத்து ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். வேலை வந்த பிறகு ஓடினால், ஒரு சான்றிதழுக்குப் போன நாளில் கையெழுத்து வைக்கிறவர் கூட்டத்தில் இருப்பார்.

நியமனக் கடிதம் ஆங்கிலத்தில் மூன்று பக்கம். சம்பளம் 35,000 ரூபா. எழுதியிருந்த தொழில்தருநர் காப்புறுதி நிறுவனம் அல்ல, ஏஜென்சி. அதை வாசித்தும் நான் பெரிதாக எடுக்கவில்லை. கடிதத்தைப் பெரியப்பாவிடம் காட்டினேன். அவர் ஓய்வுபெற்ற கிளாக். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, "ஈபிஎஃப் எங்கை?" என்றார். ஊழியர் சேமலாப நிதியைத்தான் கேட்டார். இல்லைத்தான். மூன்று நாலு மாத ஆட்களுக்கு அது கிடையாதாம் என்று, கேட்டுத் தெரிந்ததைச் சொன்னேன். பெரியப்பாவுக்கு ஏறிவிட்டது. "ஆர் சொன்னது? தற்காலிகமோ நிரந்தரமோ, முதல் நாளிலை இருந்து கட்டவேணும். 1958ஆம் ஆண்டு 15ஆம் இலக்கச் சட்டம்." அவர் பிறந்ததும் 1958. அதனால் அந்தச் சட்டத்தை மட்டும் அவர் மறப்பதில்லை.

சண்டை பிடிக்கிற நினைப்போடுதான் திரும்பப் போனேன். சண்டை தேவைப்படவில்லை. அக்கா கொழும்புக்குக் கோல் எடுத்தார், நான் முன்னால் இருந்தேன், இரண்டு நாளில் வேறு கடிதம் வந்தது. என் சம்பளத்தில் 8 வீதம், அதாவது 2,800, ஊழியர் சேமலாப நிதிக்குப் பிடிப்பார்கள். தொழில்தருநர் தன் பங்காக 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும் கட்டவேண்டும். கையில் வருவது 32,200. கேட்டதால் கிடைத்தது. கேட்காமல் கையெழுத்து வைத்தவர்கள் அதே ஏஜென்சியில் இருந்தார்கள் என்பதைப் பிறகு அறிந்தேன்.

2024 நவம்பர் 4ஆம் திகதி வேலைக்குப் போனேன். சேலை கட்டவேண்டும் என்றார்கள். நிரந்தர ஊழியருக்கு நிறுவனத்தின் சீருடைச் சேலை உண்டு, எனக்கு இல்லை. அம்மாவின் ஆறு சேலைகள் மாறி மாறி வந்தன. வாசலில் எல்லாரும் கைரேகை இயந்திரத்தில் விரல் வைத்துவிட்டு உள்ளே போவார்கள். எனக்கு மட்டும் பாதுகாப்பு அண்ணையின் மேசையில் ஒரு சீஆர் கொப்பி. வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. மாதம் முடிய முகாமையாளர் ஒப்பமிட்டு அந்தப் பக்கங்கள் ஏஜென்சிக்குப் போகவேண்டும்; ஏஜென்சி அதைப் பார்த்துக் காப்புறுதி நிறுவனத்துக்குப் பில் அனுப்பும்; அதன் பிறகுதான் என் சம்பளம்.

வேலை பிடித்திருந்தது. மோட்டார் சைக்கிள்களுக்கும் ஓட்டோக்களுக்கும் காப்புறுதி புதுப்பிக்கிற காலம் வருகிறவர்களுக்குப் போன் எடுப்பேன். காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இல்லாமல் வாகனத்துக்கு வருடாவருடம் எடுக்கிற வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கமுடியாது. அதனால் திகதி முடிகிற அன்று பின்னேரம் ஓடி வருகிறவர்கள்தான் கூட. மற்ற நேரத்தில் பழைய பாமினிக் கடிதங்களை யூனிகோட்டுக்கு மாற்றினேன். ஒரு கிழமையில் அதற்காகவே என்னைத் தேடி வந்தார்கள். நவம்பர் கடைசியில் வெள்ளம். ஏ.எல் பரீட்சையையே இடையில் நிறுத்திய மழை அது. இரண்டு நாள் நான் முழங்கால் தண்ணீரில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய்க் கொப்பியில் கையெழுத்து வைத்தேன். போகாவிட்டால் சம்பளமில்லாத லீவு.

லீவு என்றால் யாரிடம் கேட்பது? முகாமையாளரிடம் கேட்டேன்: "நீங்கள் எங்கடை ஸ்டாஃப் இல்லையே, ஏஜென்சியைக் கேளுங்கோ." ஏஜென்சியைக் கேட்டேன்: "முகாமையாளர் ஓம் எண்டால் எங்களுக்குப் பிரச்சினையில்லை." ஒரு அரைநாள் லீவுக்கு நாலு கோல்.

ஜனவரிச் சம்பளத்தில் 2,800 குறைந்தது. சேமலாப நிதிக்குப் பிடிப்பதும் அதே 2,800 என்பதால் இரண்டு தரம் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்தால், இரண்டு நாள் வரவில்லை என்று நாளுக்கு 1,400 வெட்டியிருக்கிறது. ஜனவரி 13ஆம், 14ஆம் திகதிகள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. 13 போயா, பௌர்ணமி விடுமுறை. 14 தைப்பொங்கல். கிளையே பூட்டு. பொங்கல் அன்று யாழ்ப்பாணத்தில் எவர் வந்து எந்தக் கொப்பியில் கையெழுத்து வைப்பார்? ஆனால் கொழும்பில் பட்டியல் போட்டவருக்குத் தெரிந்தது இரண்டு வெறும் கோடுகள் மட்டும்தான்.

முகாமையாளர் நல்ல மனுஷன். ஆனாலும் "அது அவையின்ரை கணக்கு" என்றார். ஏஜென்சி அக்கா, "கொப்பியிலை அப்பிடித்தானே இருக்கு" என்றார். மாமியின் கேள்விக்கு அன்றுதான் எனக்குப் பதில் பிடிபட்டது. காப்புறுதிக்காரருக்கு நான் அவர்களின் ஆளாக இருக்கக்கூடாது; அதற்காகத்தான் ஏஜென்சி. வேலை வாங்குவது ஒருவர், சம்பளம் தருவது இன்னொருவர். ஏதாவது பிழைத்தால், கடிதத்தில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவரைத்தான் பிடிக்கவேண்டும். முகாமையாளரோடு கதைத்துக் கதைத்து நான் ஒரு கிழமையை வீணாக்கியிருந்தேன்.

பெரியப்பா தொழில் திணைக்களத்துக்குப் போவோம் என்று சேர்ட்டையும் மாட்டிவிட்டார். அதற்கு முதல் ஒருதரம் எழுத்தில் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். கொப்பியின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, இரண்டும் பொது விடுமுறை என்று குறித்து, நியமனக் கடிதத்தின் இலக்கத்தோடு ஏஜென்சிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். வாயால் கேட்டபோது இழுத்தவர்கள் எழுத்தில் கேட்டதும் நாலாம் நாள் பணத்தைப் போட்டார்கள். பெரியப்பாவுக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்.

பெப்ரவரியில் அந்த அக்கா திரும்பி வந்தார், போனில் குழந்தையின் படங்களோடு. இரண்டு நாள் இருந்து எல்லாவற்றையும் ஒப்படைத்தேன். கடைசி நாள் பின்னேரம் பாதுகாப்பு அண்ணை சீஆர் கொப்பியை நீட்டி, "இதை என்ன செய்யிறது தங்கச்சி?" என்றார். முகாமையாளர், அது ஏஜென்சியின் கொப்பி என்றார். ஏஜென்சிக்குக் கோல் எடுத்தேன். அது கிளையின் கொப்பியாம். கொப்பி இப்போது எங்கள் வீட்டில், என் சான்றிதழ்க் கோப்புக்குள் இருக்கிறது.